சமையலறையையும் எண்ணுங்கள்

லியோ பிராண்டல் ஜனவரி மாதத்தில் செத்துப்போனது அவன் குணத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்ந்தவன், சாவதற்கும் வயலில் வேலை இல்லாத மாதமாகப் பார்த்துக்கொண்டான். ஆனால் அமெரிக்காவில் மின்னசோட்டாவின் மேற்குக் கோடியில் ஜனவரியில் யாரையும் புதைக்க முடியாது. மண் பாறையாகக் கிடக்கும். கடப்பாரையால் குத்தினால் கடப்பாரைதான் வளையும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கும் பாட்டு, பிரார்த்தனை, சாப்பாடு எல்லாம் ஒரு குறையுமில்லாமல் நடக்கும். பெட்டி மட்டும் டவுனுக்குப் போய், அடக்கக்காரரின் கருங்கல் அறையில் மண் இளகும்வரை காத்துக் கிடக்கும்.

ஆகவே போர்கில்டுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வேலையை நாளைக்குத் தள்ளிப் போடுவது அவளுக்குப் பிறவியிலேயே வராது. சாவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி அவரவரிடம் திருப்பிக் கொடுத்த கையோடு ஆர்வில் ட்வைட்டின் பண்ணைக்கு வண்டியை விட்டாள். ஆர்வில் சபைத் தலைவன், கல்லறைத் தோட்டத்துக்கும் அவன்தான் பொறுப்பு. இருவரும் ஒரே வருஷம் பிறந்து, ஒரே பெஞ்சில் ஞானோபதேசம் படித்து, அறுபதைத் தாண்டியவர்கள். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் லியோவுக்கும் சேர்த்து அளந்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம் என்பதுதான் அவள் கணக்கு.

ஆர்வில் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் சர்க்கரை போட்டுக்கொள்கிறவன் இல்லை.

"லியோ நம்ம சபை மெம்பர் இல்லையே, போர்கில்ட்" என்றான்.

"நான் மெம்பர்."

"சபைச் சட்டத்துல என்ன இருக்குன்னு உனக்கே தெரியும். 'உறுப்பினன் ஒவ்வொருவனுக்கும், அவன் மனைவிக்கும், அவனுடைய மணமாகாத பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.' அவ்வளவுதான் எழுதியிருக்கு. புருஷனப் பத்தி ஒண்ணும் இல்ல."

போர்கில்ட் சிரித்துவிட்டாள். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்றே நினைத்தாள். ஆர்வில் வாழ்நாளில் வேடிக்கை பேசியவன் இல்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுப்படியில் நின்ற அவன் மனைவி எல்வீரா திரும்பிப் பார்க்காமல், ஏற்கனவே சுத்தமாக இருந்த மேடையை மறுபடி துடைத்தாள்.

அந்தச் சட்டம் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் எழுதியது; போன தலைமுறையில் நார்வே மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதப்பட்டது. அதில் ஆரம்பம் முதல் கடைசிவரை 'அவன்'தான். உறுப்பினன் தன் வருமானத்திலிருந்து காணிக்கை தரவேண்டும், அவன் ஓய்வுநாளை அனுசரிக்கவேண்டும், அவன் தன் பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கவேண்டும். இப்படிப் பன்னிரண்டு பக்கம். சபையில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் காணிக்கை கொடுத்தார்கள், ஓய்வுநாளை அனுசரித்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். 'அவன்' என்றால் எல்லோரும் என்பது மூச்சு விடுவதுபோல அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

சட்டப் புத்தகத்தில் மட்டுமா? ஞாயிறுதோறும் சொல்கிற விசுவாச அறிக்கையிலும் இரட்சிப்பு வந்தது ஆண்களுக்காகத்தான். பன்னிரண்டு வயதில் ஞானோபதேச வகுப்பில் போர்கில்ட் கையைத் தூக்கி, அதில் நானும் உண்டா என்று அந்தக் காலத்துக் கிழட்டுப் பாஸ்டரைக் கேட்டிருக்கிறாள். ஆண் என்று எழுதினால் அதில் பெண்ணும் அடக்கம், இதுகூடத் தெரியாதா அசடே என்று அவர் சொல்ல, பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் இதே ஆர்வில்.

அதை அவள் இப்போது நினைவுபடுத்தினாள். ஆர்வில் முகம் மாறவில்லை. அது வேதம், இது நிலம் என்றான். ஏதோ வாய் தவறி வந்ததுபோல் இல்லை, ராத்திரி முழுக்க யோசித்து வைத்ததுபோல் இருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவனிடம் எண்ணிக் காட்டிப் பயனில்லை. போர்கில்ட் காபியைக் குடித்து முடித்தாள். அந்த ஊரில் சண்டை போட்டாலும் காபியை மிச்சம் வைப்பதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் ஆர்விலைவிட லியோவைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். லியோ அவள் அப்பாவின் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். பக்கத்து மாவட்டத்து ஜெர்மன் கத்தோலிக்கன். மதம் மாறமாட்டேன் என்று தன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன், கடைசிவரை மாறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் முப்பது மைல் ஓட்டிப்போய் பூசை பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டிராக்டரை எடுத்துவந்து லூத்தரன் தேவாலயத்து வாசலில் பனியைத் தள்ளுவான். ஆராதனை முடியும்வரை பிக்கப் வண்டியில் உட்கார்ந்து ரேடியோவில் சோள விலை கேட்டுக்கொண்டிருப்பான். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிடாத பாஸ்டர் இல்லை. வந்தால் எங்கம்மா கனவில் வந்து அடிப்பாள் என்பான்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய ஒரே பிள்ளை இருந்தது. பிறந்து இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. பெட்டியை லியோவே செய்தான்; செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதை அடக்கம் செய்த அன்று மட்டும் அவன் வேலிக்கு உள்ளே வந்தான். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவன் கேட்டதும் அதுதான். எங்கே வேண்டுமானாலும் வை, உன்னையும் பையனையும் விட்டுத் தள்ளி வைக்காதே என்றான். அதில் பேச்சே இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். இப்போது பார்த்தால் அதில்தான் பேச்சே இருந்தது.

மறுநாள் பாஸ்டரைப் பார்க்கப் போனாள். பாஸ்டர் டேல் முப்பது வயதுகூட ஆகாத இளைஞர், நல்லவர், ஆர்வக்கோளாறு. அந்த வருஷம்தான் தலைமையிடத்திலிருந்து புதுப் பாட்டுப் புத்தகம் வந்திருந்தது. அதில் 'புத்திரர்' என்று இருந்த இடமெல்லாம் 'பிள்ளைகள்' ஆகியிருந்தது. 'சகோதரரே' என்ற இடத்தில் 'நண்பர்களே'. போதாத இடங்களில் பாஸ்டரே பென்சிலால் மாற்றி வைத்திருந்தார். பழக்க தோஷத்தில் ஞாயிறன்று பாதிச் சபை பழைய சொல்லையும் பாதிச் சபை புதிய சொல்லையும் பாடும். கேட்கிற கடவுளுக்கே தலை சுற்றும். கடவுளை ஆண்பாலில் மட்டுமே சொல்லலாமா என்பது பற்றிப் பாஸ்டர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். மேஜை நிறையக் காகிதம்.

போர்கில்ட் விஷயத்தைச் சொன்னதும் அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். சட்டத்தைத் திருத்துவதுதான் சரி என்றார். ஆனால் திருத்தத்தை ஒரு வருஷாந்திரக் கூட்டத்தில் அறிவித்து அடுத்த வருஷாந்திரக் கூட்டத்தில்தான் ஓட்டுக்கு விடமுடியும். ஒரு வருஷம் ஆகும். தவிர, ஆர்வில் பழைய மனிதன், அவனை எதிர்த்துக்கொண்டால் பாட்டுப் புத்தக விஷயமும் கெட்டுப்போகும், கொஞ்சம் பொறுமையாக, பக்குவமாக என்று இழுத்தார்.

"மேல இருக்கறவர எந்தப் பால்ல சொல்றதுன்னு நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க, பாஸ்டர்" என்றாள் போர்கில்ட். "அவருக்கு நேரம் நெறைய இருக்கு. என் புருஷன் டவுன்ல பெட்டிக்குள்ள இருக்கான். ஏப்ரல்ல அந்த அறையைக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

பாஸ்டரின் காது சிவந்தது. நல்லவர் என்றுதான் முன்பே சொன்னேனே. கொஞ்ச நேரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, சட்டத்தைத் திருத்தத்தான் இரண்டு கூட்டம் வேண்டும், சட்டத்துக்கு என்ன பொருள் என்று சபை முடிவு சொல்வதற்கு ஒரே கூட்டத்தில் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வருஷாந்திரக் கூட்டம் ஜனவரி கடைசி ஞாயிறு. இன்னும் பத்து நாள்கூட இல்லை. போர்கில்ட் கையுறைகளை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

அந்த நாட்கள் முழுக்க அவள் யார் வீட்டுக்கும் போய் ஆதரவு கேட்கவில்லை. ஆனால் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தபால் நிலையத்தில் ஒருத்தர் அவள் கையை அழுத்திப் பிடித்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, டவுனில் நெடுஞ்சாலை ஓரத்தில் பொதுக் கல்லறை இருக்கிறதே, நல்ல விசாலமான இடம் என்றார். விசாலமாக இருந்தால் நீயே போய்ப் படு என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள். ஓட்டு வேண்டியிருந்தது.

கூட்டம் ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் நடந்தது. எப்போதும் அங்கேதான் நடக்கும். ஒரு பக்கம் மடக்கு நாற்காலிகள், முன்னால் தலைவருக்கு ஒரு மேஜை. மறுபக்கம் சமையலறை. இரண்டுக்கும் நடுவில் பரிமாறுகிற ஜன்னல். அதற்கு மேலிருந்து கீழே இழுக்கிற மரக்கதவு. கூட்டம் நடக்கும்போது பாத்திரச் சத்தம் கேட்காமலிருக்க அந்தக் கதவை முக்கால்வாசி இறக்கி வைப்பார்கள். அதற்குக் கீழே ஏப்ரன்களும் கைகளும் மட்டும் தெரியும். பெண்கள் சங்கத்தில் அந்த மாதம் முறை வந்தவர்கள் உள்ளே நின்று, கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ்ஷைச் சூடாக்குவார்கள், லெஃப்சா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார்கள், ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காபி வடிப்பார்கள். கூட்டம் முடிகிற நிமிஷம் சாப்பாடு தயாராக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது கூட்டமே இல்லை.

அன்றைக்கும் கொதிகலன் பழுதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். மணிக்கூண்டுக்கு வர்ணம் அடிப்பதை வழக்கம்போல அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார்கள். வேறு ஏதாவது உண்டா என்று ஆர்வில் கேட்டான், ஏதும் இருக்கக்கூடாது என்கிற குரலில். போர்கில்ட் எழுந்தாள்.

அவள் நீளமாகப் பேசவில்லை. புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை என்றாள். இத்தனை வருஷம் 'அவன்' என்றால் நானும்தான் என்று எல்லோரும் சொன்னீர்கள். அதை நம்பித்தான் அப்பா செத்த பிறகு உறுப்பினன் செய்யவேண்டியதையெல்லாம் நான் செய்தேன். என் குழந்தை வெளியே அந்த வேலிக்குள் இருக்கிறது. அதன் அப்பா உறுப்பினன் இல்லை. 'அவனுடைய பிள்ளைகள்' என்று இருக்கிறதே, எந்த 'அவனு'டைய பிள்ளை என்று அதைப் புதைத்தீர்கள்? என்னுடைய பிள்ளை என்றுதானே? அன்றைக்கு நான் 'அவன்' என்றால் இன்றைக்கும் நான் 'அவன்'தான். என் புருஷனுக்கு என் பக்கத்தில் இடம் உண்டு என்று சபை சொல்லட்டும்.

யாரோ இருமினார்கள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

ஆர்வில் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சட்டப் புத்தகத்தைத் திறப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் திறக்கவில்லை.

"என் தங்கச்சி மார்கிட்ட உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும்" என்றான். "அவளும் ஒரு கத்தோலிக்கனத்தான் கட்டினா. அவன் டிராக்டர் கவுந்து செத்தப்ப அவளும் இதையேதான் வந்து கேட்டா. இதே கூடத்துல. எங்கப்பாதான் தலைவர். இந்த வரியைத்தான் படிச்சுக் காட்டினாரு. சம்மதிக்கறவங்கள எழுந்து நிக்கச் சொன்னாரு. ஒருத்தரும் நிக்கல."

மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தான்.

"நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். அவ நெடுஞ்சாலை ஓரத்துல அவனை வச்சா. பதினஞ்சு வருஷம் கழிச்சு அவளும் அங்கயே போனா. இன்னைக்கு 'அவன்'னா 'அவளு'ந்தான்னு நீங்க சொல்லிட்டா, அன்னைக்கு எங்கப்பா பண்ணினது என்ன?"

போர்கில்டுக்கு அவன்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷத்தில் பாதி கரைந்தது. மீதிப் பாதியை அவள் கரைய விடவில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் பூதத்துக்குப் பயந்து கிணற்றை மூடுவார்களா என்ன?

"அதுக்கு பதில் எனக்குத் தெரியாது, ஆர்வில்" என்றாள். "மார்கிட்டுக்காக வருத்தப்படறேன். ஆனா நான் கேட்டது லியோவுக்கு. ஓட்டுக்கு விடு."

சம்மதம் என்கிறவர்கள் எழுந்து நிற்பதுதான் அந்தச் சபையில் ஓட்டு. நாற்காலிகள் கிரீச்சிட்டன. எழுந்தவர்களில் சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். மணிக்கூண்டு வர்ணத்தை வருஷா வருஷம் கிளப்புகிற கிழவர் ஒருவர் பாதி எழுந்து, கூனி, எந்தக் கட்சி என்று தெரியாமல் நின்றார். அவர் மகன் இழுத்து உட்காரவைத்தான். செயலாளர் பென்சிலால் காற்றில் புள்ளி வைத்து எண்ணினார். சம்மதம் பதினெட்டு. மறுப்பு இருபத்துநாலு.

தீர்மானம் தோற்றது என்று சொல்ல ஆர்வில் வாய் திறந்தான். அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

போர்கில்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை மேஜைப் பக்கம் இல்லை; ஜன்னல் பக்கம் இருந்தது. மரக்கதவுக்குக் கீழே ஏப்ரன்கள் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை வருஷக் கூட்டத்தில் தானும் எத்தனையோ தடவை அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறோம், ஒரு தடவையாவது தன்னை யாராவது எண்ணியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை. பெண்களுக்கு ஓட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது; கொதிகலனுக்கும் கூரைக்கும் எல்லோரும் ஒரே பக்கமாக நின்றதால், விட்டுப்போனது எண்ணுகிறவனுக்கும் தெரியவில்லை, விடப்பட்டவளுக்கும் தெரியவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சமையலறையையும் எண்ணுங்க" என்றாள்.

ஆர்விலுக்குப் புரியவில்லை. அவங்க வேலையா இருக்காங்க, கூட்டத்துல இல்லையே என்றான்.

அப்போது மரக்கதவு தடதடவென்று முழுசாக மேலே போனது. எல்வீரா நின்றுகொண்டிருந்தாள். கையில் காபிக் கரண்டி. நீராவியில் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகியிருந்தது. அதைக் கழற்றி ஏப்ரனில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பொது இடத்தில் அவனை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயில்லாப் பூச்சி என்றுதான் ஊரில் பெயர்.

"மார்கிட் வந்து கேட்ட அன்னைக்கு நான் புதுப்பொண்ணு" என்றாள். "இதே ஜன்னலுக்குப் பின்னாடிதான் நின்னேன், ஆர்வில். அவ அழுதது கேட்டுச்சு. நீ எழுந்திருப்பேன்னு கதவுக்குக் கீழ குனிஞ்சு உன் காலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கு எனக்கு ஓட்டு இல்ல. இன்னைக்கு இருக்கு. நான் நிக்கிறேன். எண்ணு."

ஆர்வில் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாக, தண்ணீர் குடித்துவிட்டு, செயலாளரிடம் திரும்பினான். சமையலறையில் சம்மதம் என்கிறவர்கள் நிற்கட்டும், மற்றவர்கள் உட்காரட்டும் என்றான். தலைவனாகத்தான் சொன்னான். அதற்காகப் போர்கில்ட் பிற்பாடு அவனைப் பல வருஷம் மதித்தாள்.

உள்ளே பதினொரு பேர் இருந்தார்கள். சட்டம் சட்டம்தான் என்று இரண்டு பேர் மாவு டப்பாக்களின் மேல் உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி போர்கில்டின் ஒன்றுவிட்ட அக்கா. பிறந்ததிலிருந்தே அவளுக்கும் போர்கில்டுக்கும் ஆகாது. மற்ற ஒன்பது பேரும் கைகளைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு அருகில் வந்து, நன்றாகத் தெரியும்படி நின்றார்கள். செயலாளர் பென்சிலை நக்கிக் கூட்டினார். இருபத்தேழுக்கு இருபத்தாறு.

"தீர்மானம் நிறைவேறியது" என்றான் ஆர்வில். ஹாட்டிஷ் அடியில் தீய்ந்திருந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். பாஸ்டர் டேல் போர்கில்டிடம் வந்து, அடுத்த வருஷம் அந்த வரியையே முறையாகத் திருத்திவிடலாம் என்று உற்சாகமாகச் சொன்னார். செய்யுங்கள் என்றாள் அவள். அவளுக்கு அன்று யார்மேலும் கோபம் இல்லை.

ஏப்ரல் கடைசியில் மண் இளகியது. ஆர்வில் முந்தின நாளே வந்து கயிறு கட்டி அளந்து, லியோவுக்குக் குறித்த இடத்தில் ஓரம் சரியாக வெட்டி வைத்திருந்தான். குழந்தையின் கல்லுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. குழிக்கு அந்தப் பக்கம் போர்கில்டுக்கு. லியோவின் ஊரிலிருந்து கத்தோலிக்கப் பாதிரியார் வந்து ஒரு பக்கம் நின்றார், பாஸ்டர் மறுபக்கம். பாஸ்டர் அன்று ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. புத்தகத்தில் 'அவன்' என்று இருந்தது, பெட்டிக்குள்ளும் அவன்தான் இருந்தான்.

ஜெபம் முடிந்ததும் எல்லோரும் நிலவறைக்குச் சாப்பிடப் போனார்கள். போர்கில்ட் போகவில்லை; குழி மூடுகிறவரை இருக்கிறேன் என்றாள். ஆர்வில் மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றான். கொஞ்சம் மண் தள்ளினான், நிறுத்தினான்.

மார்கிட்டின் மகளைப் போன வாரம் போய்ப் பார்த்தேன் என்றான். அப்பா அம்மா இருவரையும் இங்கே கொண்டுவந்துவிடலாம், சபை இப்போது இடம் தரும், செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டானாம். அந்தப் பெண் காபி கொடுத்து, மரியாதையாகப் பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"'அம்மா அங்கயே இருக்கட்டும், மாமா. அவங்க கேட்டது ஒரே ஒரு தடவதான்' அப்டின்னா" என்றான் ஆர்வில். "'அப்பா பக்கத்துலதானே இருக்காங்க. நீங்கதான் ஒரு நாளும் வந்து பார்க்கல' அப்டின்னா."

போர்கில்ட் அவனைத் தேற்றவில்லை. தேற்றினால் பொய் சொன்னதாக ஆகும்.

"உண்மையத்தானே சொல்லியிருக்கா."

"இத்தனை வருஷம் கழிச்சுப் போய் தங்கச்சிகிட்ட என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். "போய் நில்லு."

ஆர்வில் மண்வெட்டியைக் குவியலில் குத்தி நிறுத்திவிட்டு, துக்க உடுப்போடு, சேறு படிந்த பூட்சோடு தன் பிக்கப்பை நோக்கி நடந்தான். நிலவறை வாசலில் எல்வீரா வந்து நின்று, காபி ஊற்றியாகிவிட்டது என்று கூப்பிட்டாள். அந்தச் சபையில் சாவுச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் யாரும் போனதில்லை. வண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

அவள் ஏப்ரனை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு ஈர மண்ணில் இறங்கி வந்தாள். குவியலில் இருந்த மண்வெட்டியை இழுத்து எடுத்தாள். போர்கில்ட் அப்போது அழுதுகொண்டிருந்தாள், மூன்று மாதத்தில் முதல் தடவையாக, சத்தமாகவே. இன்னொரு மண்வெட்டி சவ வண்டிக்காரனிடம் இருந்தது. எல்வீரா போய் அதை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து லியோவை மூடினார்கள்.